ஓடுகிற புரோகிராமும் அலமாரிப் பிரதியும்

எந்தத் தொழிற்சாலையில் போய் "பிஎல்சி புரோகிராமுக்கு பேக்கப் இருக்கிறதா?" என்று கேட்டாலும், இருக்கிறது என்றுதான் பதில் வரும். அது பொய்யும் இல்லை. மெயின்டனன்ஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டர், அதில் இயந்திரத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'லேட்டஸ்ட்' என்று நாலைந்து கோப்புகள். எல்லா ஆலையிலும் இதுதான் காட்சி. அடுத்த கேள்வியில்தான் பேச்சு தடுமாறும்: இவற்றில் எது இப்போது இயந்திரத்தில் ஓடுகிறது? பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டுமே கேட்பதற்குக் காரணம் உண்டு. பிஎல்சிகள் தனித்தனியாக நின்ற காலத்தில் பிரதி எடுப்பது கடினம், புரோகிராமை மாற்றுவதும் கடினம். எல்லாவற்றையும் ஒரே கேபிளில் கோத்த பிறகு பிரதி எடுப்பது எளிதாயிற்று. மாற்றுவது அதைவிட எளிதாயிற்று. அதனால் நெட்வொர்க் நமக்குக் கொடுத்த வசதியே ஒவ்வொரு பேக்கப்பின் ஆயுளையும் குறைத்துவிட்டது. கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அது ஓடுகிற புரோகிராமோடு இன்றைக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. இதைச் செய்யாத ஆலையில் எத்தனை டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தாலும் பயனில்லை.

சீமென்ஸின் சிமாட்டிக் எஸ்5 வரிசை 1979இல் வந்தது. அந்தத் தலைமுறை பிஎல்சிகளில் புரோகிராம் ரேம் நினைவகத்தில் இருக்கும், ஒரு லித்தியம் பேட்டரி அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். பேட்டரி விளக்கு எரிவதைக் கவனிக்காமல் விட்டு, அந்த நேரம் பார்த்து கரன்டும் போனால் புரோகிராமும் போய்விடும். பேட்டரியை மாற்றும்போது பிஎல்சிக்கு மின்சாரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன், பாதுகாப்பு என்று நினைத்து மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றினால், அந்த நொடியில் புரோகிராம் இருக்காது. இந்த பயத்தால்தான் புரோகிராமை ஈப்ராம் சில்லில் எழுதிச் செருகும் வழக்கம் வந்தது. ஈப்ராமில் ஒரே ஒரு டைமரை மாற்ற வேண்டுமென்றாலும் சில்லைக் கழற்றி, மேலே உள்ள கண்ணாடிச் சாளரத்தில் ஒட்டிய லேபிளை உரித்து, அல்ட்ரா வயலட் விளக்கின் கீழ் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து அழித்து, மறுபடி எழுத வேண்டும். பிறகு புது லேபிள் ஒட்டித் தேதி போட வேண்டும். இவ்வளவு சிரமம் இருந்ததால் யாரும் விளையாட்டாக மாற்றமாட்டார்கள். பேனல் கதவின் உட்புறப் பையில் இருக்கும் அச்சிட்ட லேடர் தாள்களும் சில்லில் இருப்பதும் ஒன்றாகவே இருக்கும். மாற்றம் நடந்தால் தாளில் சிவப்புப் பேனாவால் குறிப்பு இருக்கும். யாரும் கட்டளையிட்டு வந்த ஒழுக்கம் இல்லை அது. மாற்றுவது கடினமாக இருந்ததால் தானாக வந்தது.

பிறகு நெட்வொர்க் வந்தது. ஆலன்-பிராட்லி ஆலைகளில் நீல நிறக் கேபிளோடு டேட்டா ஹைவே பிளஸ், அதன் வழக்கமான வேகம் விநாடிக்கு 57.6 கிலோபிட். சீமென்ஸ் பக்கம் 187.5 கிலோபிட் வேகத்தில் எம்பிஐ, அதோடு ப்ரொஃபிபஸ். அதன் பின் எல்லாரும் ஈதர்நெட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொரு பேனலாக நடந்து கேபிள் மாட்டிய இன்ஜினியர், கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தபடியே இருபது பிஎல்சிகளையும் திறந்து பார்க்க முடிந்தது. பிரதி எடுக்க ஒரு மதிய நேரம் போதும் என்றாயிற்று. ஆனால் அதே நாற்காலியிலிருந்து, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே புரோகிராமை மாற்றவும் முடிந்தது. ஆன்லைன் எடிட் என்கிற வசதி அருமையானதுதான். அது இல்லாமல் தொடர் உற்பத்தி ஆலைகளை நடத்தவே முடியாது. ஆனால் அது எப்படிப் பயன்படுகிறது என்று பாருங்கள். இரவு ஷிஃப்டில் ஒரு சென்சார் அழுக்கேறி அடிக்கடி டிரிப் ஆகிறது. ஸ்பேர் ஸ்டோர் பூட்டியிருக்கிறது. ஷிஃப்ட் இன்ஜினியர் லேப்டாப்பைத் திறந்து, அந்தக் கான்டாக்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஆனில் இருக்கும் ஒரு பிட்டைப் போட்டு பைபாஸ் செய்துவிட்டு, லைனை ஓட்டிவிடுகிறார். அந்த நேரத்துக்கு அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் அந்த மாற்றம் பிஎல்சிக்குள் இருக்கிறது. லேப்டாப்பில் சேவ் ஆனதா என்பது சந்தேகம். மெயின்டனன்ஸ் அறை ஃபோல்டருக்குப் போகவே இல்லை. நேற்று மாலை சரியாக இருந்த பேக்கப் இன்று காலையில் பழசாகிவிட்டது. இதில் யாரையும் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. மாற்றம் இப்படித்தான் நடக்கும் என்று ஏற்றுக்கொண்டு முறையை அமைக்க வேண்டும்.

"அப்படியானால் பிஎல்சியிலிருந்தே அவ்வப்போது அப்லோட் செய்துகொண்டால் தீர்ந்ததே" என்று தோன்றும். பாதிதான் தீரும். எஸ்7-300 போன்ற பிஎல்சியிலிருந்து அப்லோட் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், திரையில் வருவது எலும்புக்கூடுதான். 'கன்வேயர் 2 மோட்டார் ரெடி' என்று பெயர் வைத்திருந்த இடத்தில் எம் 34.2 என்று நிற்கும். எஃப்சி 12 எதற்கு, டிபி 20இல் நாலாவது வார்த்தை எதைக் குறிக்கிறது என்பதற்கு விளக்கம் எதுவும் இருக்காது. குறிப்புகளும் சிம்பல் பெயர்களும் அந்தத் தலைமுறை பிஎல்சிக்குள் ஏறுவதில்லை. அவை இன்ஜினியரின் புராஜெக்ட் கோப்பில் மட்டுமே இருந்தன. ஆலன்-பிராட்லியின் எஸ்எல்சி 500இலும் பிஎல்சி-5இலும் இதே நிலைமைதான். லாஜிக்ஸ் வரிசையில் டேக் பெயர்கள் பிஎல்சியில் இருந்தன. ஆனால் ஒவ்வொரு ரங்குக்கும் எழுதிய குறிப்புகள் பதிப்பு 21 முதல்தான் உள்ளே வைக்கப்பட்டன. எஸ்7-1500இல் பெயர்களும் குறிப்புகளும் பிஎல்சிக்கே போகின்றன. நம் ஆலைகளிலோ பழைய தலைமுறை இன்னும் ஏராளமாக ஓடுகிறது. ஆக, அலமாரிப் பிரதியில் விளக்கம் இருக்கிறது, உண்மை இல்லை. அப்லோட் செய்ததில் உண்மை இருக்கிறது, விளக்கம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து கம்பேர் செய்து, வேறுபடும் ஒவ்வொரு பிளாக்கையும் பார்த்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று முடிவு செய்து ஒன்றாக்கினால்தான் பயன்படக்கூடிய பேக்கப் கிடைக்கும். இதை மனிதர்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும். பைபாஸ் போட்ட பிட் அங்கே இருப்பதைக் கண்டுபிடித்து, சென்சார் மாற்றியாயிற்று, இனி எடுத்துவிடலாம் என்று தீர்மானிப்பதும் இந்த இடத்தில்தான் நடக்கும்.

லாஜிக் ஒத்துப்போனாலும் மதிப்புகள் ஒத்துப்போவது வேறு சங்கதி. ஒரு டேட்டா பிளாக்கில் கோப்பில் எழுதிய ஆரம்ப மதிப்பு ஒன்று. ஓடும்போது ஆபரேட்டர் திரையில் மாற்றி மாற்றி வந்து நிற்கிற மதிப்பு இன்னொன்று. ஆறு மாதம் பாடுபட்டு ட்யூன் செய்த பிஐடி எண்கள், ரெசிபி, எடை அளவுக் கருவியின் திருத்த எண் எல்லாம் இரண்டாவது வகை. எஸ்7-300இல் பழைய கோப்பிலிருந்து டேட்டா பிளாக்கையும் சேர்த்து டவுன்லோட் செய்தால் அவை அத்தனையும் அழிந்து கமிஷனிங் நாளின் எண்கள் வந்து உட்காரும். லாஜிக்ஸில் சங்கடம் வேறு மாதிரி. அப்லோட் செய்து சேவ் செய்த கணத்தில் டேக்குகளில் என்ன இருந்ததோ அது அப்படியே கோப்பில் உறைந்திருக்கும். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்திலிருந்து எடுத்த கோப்பை, நிற்கிற இயந்திரத்தில் இறக்கினால், தான் ஏழாவது ஸ்டெப்பில் இருப்பதாகவும் வால்வு திறந்திருப்பதாகவும் பிஎல்சி நம்பும். ரன் மோடுக்குப் போகும் முன் அந்த டேக்குகளைச் சரிபார்க்காவிட்டால் பேக்கப்பே விபத்துக்குக் காரணமாகும். அதனால் மதிப்புகளைத் தனியாக, எந்த நிலையில் எடுத்தது என்ற குறிப்போடு வைப்பது அவசியம்.

நெட்வொர்க்கில் இருக்கும் பிஎல்சிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது தனியாள் கிடையாது. ஒரு பிஎல்சி அனுப்பும் 'ரெடி' சிக்னலை இன்னொன்று எதிர்பார்த்திருக்கும். ஒன்றில் டேட்டா அமைப்பை மாற்றினால் மற்றதிலும் மாற்றியாக வேண்டும். ஒன்றின் மார்ச் மாதப் பிரதியையும் மற்றதன் ஆகஸ்ட் மாதப் பிரதியையும் ஏற்றினால், இரண்டும் தனித்தனியே குறையில்லாமல் ஓடும், லைன் மட்டும் ஓடாது. ஆகவே பேக்கப் எடுப்பது லைன் முழுவதற்கும் ஒரே நாளில் நடக்க வேண்டும். அந்தத் தொகுப்பில் பிஎல்சி புரோகிராம் ஒரு பங்குதான். எச்எம்ஐ திரை, டிரைவ் பாராமீட்டர், ஸ்விட்ச் அமைப்பு, ஐபி முகவரிப் பட்டியல், ஃபர்ம்வேர் பதிப்பு எண் எல்லாம் சேர வேண்டும். ப்ரொஃபிநெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர் கொடுத்திருப்பார்கள். பிஎல்சி அந்தப் பெயரைச் சொல்லித்தான் கருவியைத் தேடும். ஒரு ஐஓ மாட்யூல் எரிந்துபோய் அச்சு அசலாக அதே மாடலைப் புதிதாக மாட்டினாலும், பெயர் வைக்காதவரை பிஎல்சி அதைக் கண்டுகொள்ளாது. அக்கம்பக்கத் தொடர்பை வைத்துப் பெயரைத் தானாகக் கொடுக்கும் வசதி உண்டு. ஆனால் எந்தப் போர்ட்டில் எது இணைந்திருக்கிறது என்ற வரைபடத்தை முன்பே புராஜெக்டில் போட்டிருந்தால்தான் அது வேலை செய்யும். எச்எம்ஐயில் இதைவிட மோசம். வின்சிசி ஃபிளெக்சிபிள் போன்றவற்றில் திரைக்குள் போவது கம்பைல் ஆன வடிவம். மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பும் தேர்வை அன்றைக்கே டிக் செய்யாமல் விட்டிருந்தால், பேனலிலிருந்து மூலத்தைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்புகளைப் பார்க்கலாம். "மெமரி கார்டில்தான் எல்லாம் இருக்கிறதே, பிஎல்சி எரிந்தால் கார்டை எடுத்துப் புதியதில் போட்டால் போகிறது" என்பது முதலாவது. 2000களின் தொடக்கத்தில் எஸ்7-300க்கு மைக்ரோ மெமரி கார்டு வந்து பேட்டரித் தொல்லை ஒழிந்தது உண்மை. பிஎல்சி மட்டும் பழுதானால் கார்டைவிட வேகமான மருந்து கிடையாது. ஆனால் கார்டில் இருப்பதும் குறிப்பில்லாத அதே எலும்புக்கூடு. நேற்று செய்த தவறான மாற்றமும் கார்டிலேயே பதிந்திருக்கும். முந்தைய நிலைக்குப் போக அது உதவாது. விவரம் தெரியாத ஒருவர் அந்தக் கார்டைச் சாதாரண ரீடரில் போட்டு விண்டோஸ் கேட்கிறதே என்று ஃபார்மட் கொடுத்துவிட்டால், புரோகிராமோடு கார்டும் பாழ்; அதன் பின் பிஎல்சி அதை ஏற்காது. "இயந்திரம் கொடுத்த கம்பெனியிடம் பிரதி இருக்கும்" என்பது இரண்டாவது. இருக்கும், ஆனால் அது கமிஷனிங் முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பிய நாளின் பிரதி. அதற்குப் பிறகு ஆலையில் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. புரோகிராம் எழுதிய இன்ஜினியர் வேலை மாறியிருப்பார், சில சமயம் கம்பெனியே இருக்காது. பிளாக்குகளைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டுப் போன இயந்திரங்களில் ஆலைக்காரர் தன் சொந்த இயந்திரத்தையே திறக்க முடியாமல் நிற்பார்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: "இதற்கென்றே சாஃப்ட்வேர் இருக்கிறது, ராத்திரி தோறும் எல்லா பிஎல்சிகளையும் தானே படித்து, பழையதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மெயில் அனுப்பும்." ராக்வெல்லின் அசெட்சென்டர், இன்றைக்கு ஆக்டோபிளான்ட் என்று விற்கப்படும் வெர்ஷன்டாக் போன்றவை நல்ல கருவிகள். வசதியுள்ள ஆலைகள் வாங்கத்தான் வேண்டும். ஆனால் அவை கேள்வியை எழுப்புமே தவிர, பதில் சொல்லாது. 'பிஎல்சி 7இல் எஃப்சி 12 மாறியிருக்கிறது' என்று வரும் மெயிலுக்கு யாராவது பொறுப்பாகப் பதில் எழுதினால்தான் அது பேக்கப் முறை. எழுதாவிட்டால் மெயில்கள் குவிந்து, ஒரு மாதத்தில் யாரும் திறக்காத நிலைக்குப் போகும். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்புக்கான ஐஇசி 62443-3-3 தரநிலை, பேக்கப் வேண்டும் என்று அடிப்படையாகச் சொல்லிவிட்டு, அதற்கு மேற்பட்ட தேவைகளில் சரிபார்ப்பை முதலிலும் தானியக்கத்தை அதற்குப் பிறகும் வைத்திருக்கிறது. அந்த வரிசை அனுபவத்துக்குப் பொருந்துகிறது. தவிர, படிக்கும் கருவியையே நம்ப முடியாத சூழ்நிலை வரும் என்பதை 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் காட்டியது. ஈரானின் நடான்ஸ் அணு ஆலையைக் குறிவைத்தது என்று பரவலாகக் கருதப்படும் அந்த வைரஸ், பிஎல்சியோடு பேசும் ஸ்டெப் 7 மென்பொருளின் ஒரு கோப்பையே மாற்றிவிட்டது. இன்ஜினியர் பிஎல்சியைப் படித்தால் வைரஸின் பிளாக்குகள் மறைக்கப்பட்டு, எல்லாம் சரியாக இருப்பதாகவே திரை காட்டும். ஸ்டெப் 7 புராஜெக்ட் ஃபோல்டர்களுக்குள்ளும் அது புகுந்துகொண்டது. அதாவது பத்திரமாக எடுத்துவைத்த பேக்கப்பே நோயைச் சுமந்து திரிந்தது. நெட்வொர்க்கைத் தொடாமல், எழுத முடியாதபடி பூட்டி வைத்த ஒரு பழைய பிரதி எப்போதும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

"எங்கள் ஆலை சின்னது, எங்களை யார் தாக்கப்போகிறார்கள்" என்பவர்களுக்கு 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அலிக்விப்பா என்ற சிற்றூரின் குடிநீர் அமைப்பில் நடந்ததைச் சொல்லலாம். நீரழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் யூனிட்ரானிக்ஸ் பிஎல்சி ஒன்று இணையத்தில் திறந்துகிடந்ததால் கைப்பற்றப்பட்டது; ஊழியர்கள் பம்புகளைக் கையால் இயக்கி நிலைமையைச் சமாளித்தார்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிஎல்சியை இணையத்திலிருந்து விலக்குங்கள் என்பதோடு, புரோகிராமையும் அமைப்பையும் பேக்கப் எடுங்கள், அழித்து மீண்டும் ஏற்றும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள் என்றும் அந்நாட்டு சைபர் பாதுகாப்பு அமைப்பு அறிவுறுத்தியது. 2019 மார்ச்சில் நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய நிறுவனம் ரான்சம்வேரால் முடங்கியபோது, பணம் கட்ட மறுத்துப் பிரதிகளிலிருந்தே மீண்டது. தாக்குதலே வேண்டாம், மழை போதும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. தரைத்தளத்தில் பேனலும் அதற்கு அடுத்த அறையில் பேக்கப் கம்ப்யூட்டரும் இருக்கும் ஆலையில் இரண்டும் ஒரே தண்ணீரில்தான் மூழ்கும். ஒரு பிரதி மாடியில், இன்னொன்று வேறு ஊரில் என்று வைக்க ஆகும் செலவு பெரிதில்லை.

கடைசி மறுப்பு உற்பத்தித் துறையிலிருந்து வரும்: "பேக்கப் சரியா என்று ஏற்றிப் பார்க்க லைனை நிறுத்த முடியாது." நிறுத்த வேண்டாம். படிப்பதற்கும் ஒப்பிடுவதற்கும் இயந்திரம் நிற்கத் தேவையில்லை. ஏற்றிப் பார்ப்பதற்கு மேசையில் ஒரு ஸ்பேர் சிபியூ போதும். அதில் கோப்பை இறக்கினால், ஃபர்ம்வேர் பதிப்பு பொருந்துகிறதா, மென்பொருளின் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா, பழைய விண்டோஸில் மட்டும் ஓடும் அந்த புரோகிராமிங் மென்பொருள் இன்றைய லேப்டாப்பில் திறக்கிறதா, கேபிள் எங்கே, பாஸ்வேர்டு யாரிடம் என்பதெல்லாம் அமைதியான நேரத்தில் தெரிந்துவிடும். பிரேக்டவுனில் நேரத்தைத் தின்பவை இந்தச் சில்லறைகள்தான். கோப்பை ஏற்றுவது சில நிமிட வேலை. எஸ்5 போன்ற பழைய அமைப்புகளுக்கு, மென்பொருளோடு அந்தக் காலத்து இயங்குதளத்தையும் சேர்த்து விர்ச்சுவல் மெஷினாக வைத்துக்கொள்வதும் பேக்கப்பின் பகுதியே. முழு லைனையும் சோதிக்க ஆண்டு ஷட்டவுன் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு எப்படியும் இயந்திரத்தைத் துடைத்துச் சந்தனம் வைக்கத்தானே போகிறோம்; அந்த வாரத்தை கம்பேர் செய்யும் வாரமாக வைத்துக்கொண்டால் யாருக்கும் தேதி மறக்காது.

நிலம் வாங்குபவர் பத்திரத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை, வில்லங்கச் சான்றும் கேட்கிறார். பத்திரம் எழுதிய பிறகு அந்த நிலத்துக்கு என்னென்ன நடந்தது என்பது அதில்தான் தெரியும். புரோகிராம் கோப்புக்கும் அப்படி ஒரு சான்று வேண்டும்: எந்தத் தேதி, யார், எந்த பிளாக், எதற்காக, தற்காலிகமா நிரந்தரமா. ஷிஃப்ட் புத்தகத்தில் ஒரு வரி போதும். ஆனால் அந்த வரி இல்லாமல் ஷிஃப்ட் ஒப்படைக்கக் கூடாது. பாதுகாப்பு புரோகிராம்களுக்கு மென்பொருளே ஒரு சிக்னேச்சர் எண் தருகிறது. ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால் அதைக் கமிஷனிங் அறிக்கையில் எழுதி வைக்கிறோம். அவசர நிறுத்த பட்டனுக்குக் காட்டும் அந்த ஒழுங்கை மற்ற புரோகிராம்களுக்கும் காட்டினால் பாதிப் பிரச்சினை ஓயும். இதற்கெல்லாம் பெயர் சொல்லி ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும். எல்லாருடைய வேலை என்று விட்டால் யாருடைய வேலையும் ஆகாது. முதல் பிரதியை வாங்கவேண்டிய நேரம் இயந்திரம் இறங்கிய பிறகு இல்லை, பர்ச்சேஸ் ஆர்டர் எழுதும்போதே. குறிப்புகளோடு கூடிய மூல புராஜெக்ட், எச்எம்ஐ மூலம், டிரைவ் பாராமீட்டர், எல்லா பாஸ்வேர்டுகள் இவை நம் ஸ்பேர் சிபியூவில் நம் ஆட்கள் கையால் ஏற்றி ஓட்டிக்காட்டப்படும் வரை கடைசித் தவணை கிடையாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சப்ளையர் முதலில் முனகுவார், பிறகு கொடுத்துவிடுவார். பணம் கைமாறிய பிறகு அதே கோப்பைக் கேட்டு எழுதும் மெயில்களுக்கு எவ்வளவு மரியாதை கிடைக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.